பதினோராம் பக்கத்தில் தாண்டுகிறவள்

இன்று காலை உன் தங்கை கடைக்கு வந்தாள். கையில் உன் பாஸ்போர்ட் அளவுப் படம். உன் முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலிக்கு அட்டை அடிக்க வேண்டும், நூறு போதும் என்றாள். படத்தை வாங்கிக் கம்ப்யூட்டர் பக்கத்தில் வைத்தேன். நீ எக்ஸ்ரே எடுக்கிற வேலை பார்த்த ஸ்கேன் சென்டரின் அடையாள அட்டைக்காக எடுத்த படம். சிரிக்கக் கூடாது என்று கேமராக்காரர் சொல்லியிருப்பார் போல. உதட்டை இறுக்கிக்கொண்டு கண்ணால் மட்டும் சிரிக்கிறாய். எதையோ தெரிந்து வைத்துக்கொண்டு சொல்லாமல் இருக்கிற முகம் அது. நீ உயிரோடு இருந்தபோதே அந்த முகத்தின் மீது எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

கிளம்பும்போது உன் தங்கை திரும்பி நின்றாள். "யக்கா, இன்னொன்னு. அந்த புக்கு கம்பெனிக்காரங்க அக்காவுக்குப் போட்ட லெட்டரு உங்கிட்டதானே இருக்குது? அம்மா அத ஃப்ரேம் போட்டு மாட்டணும்ன்றாங்க. பூசைக்கு முன்ன குடுத்துடு" என்றாள்.

"தேடி எடுத்து வைக்கிறேன்" என்றேன். சாயந்திரம் அட்டையின் புரூஃப் பார்க்க வரும்போது வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியைக் கிளப்பினாள்.

அப்படி ஒரு கடிதம் கிடையாது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீ படுத்திருந்தபோது, வந்திருக்கிறது என்று நான் சொன்ன பொய் அது. நீ அதை நம்பினாயா என்று ஒரு வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

என் குணம் உனக்குத் தெரியும். பஸ்ஸில் போர்டைப் படித்த பிறகும் கண்டக்டரிடம் கேட்பேன். கண்டக்டர் சொன்ன பிறகு பக்கத்து சீட்டு ஆளிடம் கேட்பேன். இந்தக் குணத்துக்குத்தான் அச்சகத்தில் எனக்குச் சம்பளம். கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளையின் இனிஷியல் மாறியிருந்தால் எவ்வளவு அவசரத்திலும் கண்டுபிடித்துவிடுவேன். கடை முதலாளி என்னை 'போலீசு' என்றுதான் கூப்பிடுவார்.

நாம் முதலில் பார்த்ததே ஒரு சந்தேகத்தில்தான். அப்பாவின் முழங்காலுக்கு எக்ஸ்ரே எடுக்கச் சிங்கவரத்திலிருந்து செஞ்சிக்குக் கூட்டிவந்திருந்தேன். நீ படத்தை உறையில் போட்டுக் கொடுத்தாய். வெளியே வந்து பார்த்தால், உறையின் பின்னால் பேனாவால் ஒரு கிழவர் மொட்டை மாடியிலிருந்து மொட்டை மாடிக்குத் தாவிக்கொண்டிருக்கிறார், வேட்டி பின்னால் பறக்க. அதே நரைமீசை, அதே வழுக்கை. நேராக உள்ளே வந்து, "இன்னாம்மா, எங்க நைனாவ கிண்டல் பண்றியா?" என்று கேட்டேன். நீ பதறவில்லை. "முட்டி சரியானா இப்டித்தான் குதிப்பாரு" என்றாய். நைனா அந்த உறையை இன்னும் பீரோவில் வைத்திருக்கிறார். எக்ஸ்ரே எங்கே போனதென்று தெரியவில்லை.

அதன் பிறகு மதியச் சாப்பாட்டுக்கு உன் அறைக்கு வரத் தொடங்கினேன். நோயாளி இல்லாத நேரத்தில் நீ போனில் மங்கா படித்துக்கொண்டிருப்பாய். பாண்டிச்சேரி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையின் பிளாட்பாரத்தில் வாங்கிய நாலைந்து புத்தகங்களும் உன் பையில் இருக்கும். ஜப்பானியச் சித்திரக்கதை, வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும் என்று சொல்லி ஒன்றைக் கொடுத்தாய். எனக்கு ஒன்றும் பிடிக்கவில்லை. எல்லாருக்கும் ஒரே மூஞ்சி, மூஞ்சியில் பாதி கண். "ஒரே மூஞ்சிய வரைஞ்சிட்டு முடிய மட்டும் மாத்தி ஏமாத்தறானுங்க" என்றேன்.

"மூஞ்சிய வுடு. கோட்டப் பாரு" என்றாய்.

நீ காட்டிய பிறகுதான் பார்த்தேன். ஒருவன் கத்தியை வீசுகிறான். கத்தி எங்கே என்று தேடினால் கத்தியே இல்லை. ஒரே புள்ளியை நோக்கிப் பாயும் நூறு கோடுகள்தான் இருக்கின்றன. பின்னாலிருந்த வீடு, மரம், வானம் எல்லாவற்றையும் வரைந்தவர் அழித்துவிட்டார். அடி விழும் நேரத்தில் அடிபடுகிறவனுக்கு உலகம் இருக்காது, அதனால் வரைகிறவரும் உலகத்தை எடுத்துவிடுகிறார் என்று சொன்னாய். அடுத்த பக்கத்தில் சண்டையே இல்லை. தரையில் கழன்று கிடக்கும் ஒரு செருப்பு மட்டும். "அடியக் காட்டறது பெருசு இல்லடி. அடிக்கு அப்புறம் எவ்ளோ நேரம் சும்மா இருக்கணும்னு தெரியணும்." அந்தச் செருப்பை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். உன்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நன்றாக இருக்கிறது என்று ஒப்புக்கொண்டால் ஏதோ தோற்றுப்போன மாதிரி எனக்கு.

படத்தைச் சுற்றிய கட்டம் நேராக நின்றால் ஆள் நிற்கிறான், கட்டம் சாய்ந்தால் ஆள் ஓடுகிறான் என்றாய். ஒரு காலோ கையோ கட்டத்தைத் தாண்டி வெளியே வந்தால் அந்தப் பக்கத்தில் அதைவிட முக்கியமானது ஒன்றும் இல்லை என்று அர்த்தம். ஓடுகிறவளின் இடுப்பு ஒரு பக்கம் திரும்பினால் தோள் எதிர்ப்பக்கம் திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் ஓடுகிற பொம்மையாகிவிடும். நாள் முழுக்க எலும்பைப் பார்க்கிறவளுக்கு இதெல்லாம் சாதாரணம். நான் தலையாட்டிக்கொண்டே, இதையெல்லாம் இவள் எங்கே படித்துவிட்டு வந்து சொந்த யோசனை மாதிரி சொல்கிறாள் என்று உள்ளே கணக்குப் போட்டுக்கொண்டிருப்பேன்.

பிறகு நம் கதை. செஞ்சிக் கோட்டைப் படிகளில் விடியற்காலையில் ஓடிப் பழகும் பெண்களைப் பார்த்து நீ யோசித்த கதை. போலீஸ் வேலைக்குத் தயாராகும் ஒருத்தி. உடல்தகுதித் தேர்வு அன்றைக்குத்தான். போகும் வழியில் வேண்டிக்கொள்ளக் கோட்டையின் ராஜகிரி மலை மேலே ஏறுகிறாள். குரங்கு அவள் ஹால் டிக்கெட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறது. அவ்வளவுதான் கதை. இருபத்திரண்டு பக்கமும் துரத்தல். படம் உன்னுடையது, பேச்சு என்னுடையது. நான் டைப் அடித்து வெட்டி, ஆட்களின் வாயருகே நீ போட்டிருக்கும் பலூன்களில் ஒட்டுவேன். "நம்ம ஆளுங்க கண்ணு இடமிருந்து வலமா போவுது. அவ அந்தப் பக்கமா ஓடினா கண்ணும் கூட ஓடும். கொரங்கு எதிர்ல வரணும், அப்பதான் கண்ணு போயி இடிக்கும்" என்று சொல்லிக்கொண்டே நீ பென்சிலைச் சீவியது நினைவிருக்கிறது.

பதினோராம் பக்கத்தை நீ கொண்டுவந்த அன்று நான் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டேன். மேலே போகிற வழியில் பாறை பிளந்து கிடக்குமே, சின்னப் பாலம் போட்டிருக்கிற இடம். குரங்கு பாலத்தின் நடுவில் உட்கார்ந்துகொண்டு பல்லைக் காட்டுகிறது. அவள் பாலத்தை விட்டுவிட்டுப் பள்ளத்தையே தாண்டுகிறாள். பக்கம் முழுக்க அவள் ஒருத்திதான். பின்கால் கட்டத்துக்கு வெளியே, முன்கை அடுத்த கட்டத்துக்குள், துப்பட்டா மேல் ஓரத்தைக் கிழித்துக்கொண்டு. கீழே பள்ளத்தை நீ வரையவே இல்லை. வெள்ளையாக விட்டிருந்தாய். அந்த வெள்ளையைப் பார்த்ததும் என் கால் தரையில்தான் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டேன்.

"இத எங்க பார்த்தே?" என்று கேட்டேன்.

"தலைக்குள்ள" என்றாய்.

நான் நம்பவில்லை. முந்தைய பத்துப் பக்கங்களும் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் இது வேறு. செஞ்சியில் எக்ஸ்ரே எடுக்கிற ஒருத்திக்கு இது எப்படி வரும் என்று கேட்டுக்கொண்டேன். செஞ்சியில் இருப்பதால் அவளுக்கு ஏன் வரக் கூடாது என்று கேட்டுக்கொள்ளத் தோன்றவில்லை.

அடுத்த வாரமே என் சந்தேகத்துக்குச் சாட்சி கிடைத்தது. சொல்லாமல் கொள்ளாமல் உன் அறைக்கு வந்தேன். கதவு பாதி திறந்திருந்தது. சுவரில் எக்ஸ்ரே மாட்டிப் பார்க்கிற விளக்குப் பெட்டி எரிந்துகொண்டிருந்தது. அதில் ஒரு தாளை அழுத்திப் பிடித்துக்கொண்டு, அடியிலிருந்து தெரிகிற கோட்டின்மேல் நீ பென்சிலை ஓட்டிக்கொண்டிருந்தாய். என் செருப்புச் சத்தம் கேட்டதும் சட்டென்று தாளை உருவி மேசை டிராயரில் போட்டாய். "டாக்டருன்னு நினைச்சிட்டேன்டி" என்று சிரித்தாய். அதே சிரிப்பு, கண்ணால் மட்டும்.

எனக்கு அது போதுமாக இருந்தது. அடியில் யாரோ ஒரு ஜப்பான்காரரின் பக்கத்தை வைத்துக்கொண்டு மேலே நகலெடுக்கிறாய் என்று முடிவு கட்டிவிட்டேன். உன் பையிலிருந்து ஒவ்வொரு புத்தகமாக இரவல் வாங்கினேன். படிக்கத்தான் என்று நீ சந்தோஷப்பட்டாய். நான் அந்தத் தாண்டலைத் தேடிக்கொண்டிருந்தேன். போனில் எத்தனையோ பக்கங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். தாண்டுகிறவர்கள் நிறையப் பேர் கிடைத்தார்கள். அவள் கிடைக்கவில்லை. கிடைக்காததும் எனக்குச் சாட்சியாகத்தான் பட்டது. யாருக்கும் தெரியாத புத்தகத்திலிருந்து எடுத்திருக்கிறாள், கெட்டிக்காரி என்று நினைத்தேன்.

அப்போதுதான் சென்னையில் ஒரு பதிப்பகம் புதிதாகத் தமிழில் சித்திரக்கதை வரைகிறவர்களைத் தேடியது. கையால் போட்ட மூலப் பக்கங்களையே அனுப்ப வேண்டும், நகல் கூடாது என்றார்கள். பதில் ஒழுங்காக வந்து சேரும் என்று கடை முகவரியைப் போட்டோம். இருபத்திரண்டு பக்கத்தையும் அட்டை வைத்துக் கட்டி என்னிடம் கொடுத்தாய். "பத்திரம்டி. வேற காப்பி கிடையாது" என்றாய்.

நான் அனுப்பவில்லை. போஸ்ட் ஆபீஸ் வரைக்கும் போனேன். வரிசையில் நின்றேன். படம் இன்னார், எழுத்து இன்னார் என்று முதல் பக்கத்தில் என் பெயரும் இருந்தது. நாளைக்கு யாராவது இது திருட்டு என்று கண்டுபிடித்தால் என் பெயரும் நாறும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரும்பி வந்தேன். அது பாதி உண்மைதான். மீதிப் பாதி பொறாமை. என் வசனங்களை எடுத்துவிட்டாலும் அந்தக் கதை நிற்கும், உன் படத்தை எடுத்தால் ஒன்றுமே இருக்காது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். உறையைக் கடை அலமாரியில் பழைய காலண்டர்களுக்கு அடியில் வைத்தேன். உன்னிடம் "போட்டாச்சு" என்றேன். நீ ரசீது கேட்கவில்லை. நானாக இருந்தால் கேட்டிருப்பேன்.

மூன்று மாதம் நீ கேட்டுக்கொண்டிருந்தாய். "பதில் வந்துச்சா?" "இன்னும் இல்ல." பிறகு கேட்பதை நிறுத்திவிட்டாய். வரைவதையும் நிறுத்திவிட்டாய் என்பதை நான் கவனிக்க நாளாயிற்று. நோயாளி இல்லாத நேரத்தில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம். உறை அலமாரியில்தான் இருந்தது. நடந்தால் ஐந்து நிமிடம்.

பிறகு காய்ச்சல். நாலாம் நாள் பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். நான் வந்து பார்த்த அன்று உன் கையெல்லாம் ஊசி குத்திய நீலம். தங்கை தலைமாட்டில் நின்று உனக்கு இளநீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நீ ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை உண்மையைச் சொல்லியிருப்பேன். கேட்காமல் இருந்தது என்னால் தாங்க முடியவில்லை.

"லெட்டர் வந்திருக்குது" என்றேன்.

"இன்னாடி எழுதியிருக்காங்க?"

"பதினோராம் பக்கம் பார்த்து மூச்சே நின்னுடுச்சின்னு எழுதியிருக்காங்க. அவ காலும் தரையில இல்ல, பாக்கறவங்க காலும் தரையில இல்லன்னு. கீழ பள்ளத்த வரையாம வுட்டதுதான் பெரிய தைரியம்னு போட்டிருக்காங்க."

"ஆபீசுக்காரங்க இப்டியெல்லாம் எழுதுவாங்களாடி?" என்றாய். உன் வாயிலிருந்து வந்து நான் கேட்ட ஒரே சந்தேகம் அதுதான். பதிலுக்குக் காத்திருக்காமல் கண்ணை மூடிக்கொண்டாய். முகம் தெளிவாக இருந்தது. எதைக் கேட்டுத் தெளிந்தது என்று எனக்குத் தெரியாது. மறுநாள் விடியும் முன் போய்விட்டாய்.

இன்று மதியம் முதலாளி சாப்பிடப் போன பிறகு அந்தக் கடிதத்தை அடிக்க உட்கார்ந்தேன். பத்து நிமிட வேலை. மேலே பதிப்பகத்தின் பெயர், முகவரி, நடுவில் கனமான தமிழ், கீழே யாரும் படிக்க முடியாத ஒரு கையெழுத்து. உன் அம்மா கண்ணாடிக்குள் வைத்துப் பார்க்கப்போகிற தாளில் யார் குற்றம் கண்டுபிடிக்கப்போகிறார்கள்? உன்னை நகலெடுக்கிறவள் என்று முடிவு கட்டிய நான், ஊர்பேர் தெரியாத ஒரு ஆளின் கையெழுத்தைப் போட்டுப் பழகிக்கொண்டிருந்தேன்.

கடிதத்தில் கதையின் விவரத்தைச் சரியாகப் போட வேண்டுமே என்றுதான் காலண்டர்களுக்கு அடியிலிருந்து உறையை எடுத்தேன். கட்டிய பிறகு இன்றுதான் பிரிக்கிறேன். பக்கங்களை எண்ணும்போது ஒன்று கைதவறிக் கீழே விழுந்தது. குப்புற விழுந்தது.

பின்பக்கத்தில் அவள் இருந்தாள். அதே தாண்டல், எதிர்த்திசையில், வெறும் பென்சிலில். இடுப்பில் மூன்று கோடு, ஒன்றன்மேல் ஒன்று. முதலில் போட்ட முன்கால் தவறு, அதன்மேல் ஒரு பெருக்கல் குறி. இரண்டாவதும் மூன்றாவதும் தவறு. நாலாவது சரியாக வந்திருந்தது. ஓரத்தில் உன் கோணல் கையெழுத்து: "இடுப்பு பின்னாடி தங்குது. கால் தரையைத் தள்ளணும்." மூலையில், எக்ஸ்ரே படத்தில் வலப்பக்கத்தைக் காட்டப் போடுவாயே, அதே ஆர் என்ற எழுத்து.

எல்லாப் பக்கத்தையும் திருப்பினேன். எல்லாவற்றின் பின்னாலும் பென்சில் இருந்தது. எதிலாவது குறை தெரியவில்லை என்றால் திருப்பிப் பார்க்க வேண்டும், பழகின கண்ணுக்குத் தெரியாத கோணல் திருப்பினால் பளிச்சென்று தெரியும் என்று நீ ஒருநாள் எக்ஸ்ரேவைப் பற்றிச் சொன்னதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். விளக்குப் பெட்டியில் நீ வைத்திருந்தது உன் படத்தையேதான். குப்புற வைத்து, அந்தப் பக்கமிருந்து திருத்திக்கொண்டிருந்தாய். நகலெடுக்கிறவளுக்கு மூன்று முறை தப்பு வராது. ஊரிலுள்ள மங்காவையெல்லாம் புரட்டிய நான், கையிலிருந்த தாளைப் புரட்டவில்லை. மாப்பிள்ளை இனிஷியலைக் கண்டுபிடிக்கிற போலீசு.

கம்ப்யூட்டரில் இருந்த கடிதத்தை அழித்தேன். சாயந்திரம் உன் தங்கை வந்தபோது முதலில் உறையைக் கையில் கொடுத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். நிற்க வைத்தே சொன்னேன், உட்காரச் சொல்லக்கூட மறந்துவிட்டது. அவள் பக்கங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள், முன்னும் பின்னும். அழவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

"அன்னைக்கு நான் பக்கத்துலதான நின்னேன்" என்றாள். "மூச்சு நின்னுடுச்சி, தரையில கால் இல்லன்னு சொன்னியே. அது யாரு வார்த்தை?"

"என்னுதுதான்."

"அதுவும் பொய்யா?"

"இல்ல. அது மட்டும் பொய் இல்ல."

"அத அக்கா நல்லா இருக்கும்போது ஒரு வாட்டியாவது சொன்னியா?"

அவள் பக்கங்களை உறைக்குள் போட்டு நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "அம்மா கேக்கறது அக்காவுக்கு ஒரு லெட்டரு. அத எழுதிக் குடு. கீழ உம் பேரப் போடு. அனுப்பலன்றதையும் எழுது, ஏன்னும் எழுது. அம்மா மாட்டுவாங்களோ கிழிப்பாங்களோ, எனக்குத் தெரியாது. நீயே கொண்டாந்து குடு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். அட்டைகளைப் பெற்றுக்கொள்ள வருகிறவர்களை உட்கார வைத்துவிட்டு, டைப் அடிக்காமல், கையால். உன் அம்மா படிப்பார்கள் என்பதால் ஆஸ்பத்திரிக் காட்சியை விட்டுவிடலாமா என்று ஒருமுறை நினைத்தேன். விடவில்லை. நீ எல்லாம் தெரிந்துகொண்டுதான் கண்ணை மூடினாயா என்று இனி யாரும் எனக்குச் சொல்லப்போவதில்லை. அந்தச் சந்தேகம் என்னோடு இருக்கட்டும். இதுவரை நான் பட்ட சந்தேகங்களில் எனக்கு நியாயமாகச் சேரவேண்டியது அது ஒன்றுதான்.

மற்றதை உன்னிடம் சொல்லிவிடுகிறேன். பதினோராம் பக்கத்தை முதலில் பார்த்தபோது என் மூச்சு நின்றது. திருட்டு என்று நினைத்தபோதும் நின்றது. இன்று மதியம், அவள் உன் கையில் பிறந்தவள் என்று தெரிந்த பிறகு, மறுபடியும் நின்றது. நன்றாக வரைந்திருந்தாய். பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தபோதே சொல்லியிருக்க வேண்டும்.